கோட்டுகால் மண் என்ன கேட்கிறது?

திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாலராமபுரத்தில் தேசிய நெடுஞ்சாலையை விட்டு இறங்கிக் கடல் பக்கம் போகிறவர், கோட்டுகால் வட்டாரத்தைத் தாண்டுவதற்குள் மூன்று வகை நிலத்தைப் பார்த்துவிடுவார். மேட்டில் செம்மண், தென்னையும் மரச்சீனியும் நிற்கும் விளைகள். இரண்டு மேடுகளுக்கு நடுவே ஏலா என்னும் தாழ்ந்த வயல். ஒரு காலத்தில் நெல், இப்போது வாழை, சில இடங்களில் லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கிய வீட்டு மனை. கடைசியில் அடிமலத்துறைப் பக்கம் வெறும் கடல் மணல். மூன்றும் சில கிலோமீட்டர் தூரத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

நிலம் இப்படி மாறுகிறது. வீட்டின் அஸ்திவாரம் மாறுவதில்லை. பக்கத்து வீட்டில் எத்தனை அடி வானம் தோண்டினார்களோ அத்தனை அடி. மைத்துனர் வீட்டில் எத்தனை பில்லர் நிறுத்தினார்களோ அத்தனை பில்லர். மனையில் மண்வெட்டி படுவதற்கு முன்பே எஸ்டிமேட்டில் அஸ்திவாரம் எழுதி முடிந்துவிடுகிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரை, எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் களியக்காவிளை, கொல்லங்கோடு என்று எங்கு போனாலும் இதே வழக்கம்தான். கெட்டியான மேட்டில் தேவையில்லாத கம்பியும் சிமெண்டும் மண்ணுக்குள் போகின்றன. அவை உண்மையில் தேவைப்படும் ஏலாவிலோ, இரண்டாவது மழைக்காலத்தில் சுவரில் கோணலாக ஒரு விரிசல் ஓடுகிறது.

இரண்டுமே நடுத்தரக் குடும்பத்தின் கைக்காசு. வாழ்நாளில் ஒரே ஒரு வீடு கட்டுகிறவர்கள் ஏமாறக் கூடாத இடம் இது.

மேட்டில் ஆழம் பலமல்ல

கேரளத்தின் மற்ற மாவட்டங்களைவிடத் திருவனந்தபுரத்தின் தென்பகுதியில்தான் செவ்வண்டல் கலந்த செம்மண் அதிகம். அதன் கூடவே வெட்டுக்கல். பிரான்சிஸ் புக்கானன் மலப்புறம் பக்கம் அங்காடிப்புறத்தில் பார்த்து, 1807-இல் உலக மண்ணியலில் ஏற்றிய அதே கல். பல லட்சம் ஆண்டு வெயிலும் மழையும் பாறையிலிருந்து சிலிக்காவைக் கரைத்துக் கீழே கொண்டுபோக, இரும்பும் அலுமினியமும் மேலே தங்கி இறுகியதுதான் வெட்டுக்கல். வெட்டும்போது மென்மையாக இருக்கும். காற்றுப் பட்டால் கெட்டியாகும்.

இந்த மண்ணின் குணத்தில் வீடு கட்டுகிறவர் அறிய வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இங்கே பலம் மேலே இருக்கிறது. மேல்மண்ணை வழித்தால் சரளை கலந்த செம்மண், அதன் கீழே இறுகிய வெட்டுக்கல். அதையும் தாண்டினால் வெளுப்பும் சிவப்பும் புள்ளி புள்ளியாகக் கலந்த, விரலுக்கு வழுக்கும் களிமண் வரும். மலையாளத்தில் சேடி மண் என்பார்கள். உலர்ந்திருந்தால் கட்டியாக நிற்கும். தண்ணீர் பட்டால் குழைந்துவிடும்.

ஆழமாகத் தோண்டினால் அஸ்திவாரம் பலமாகும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாகவே இருக்கிறது. கோவில்பட்டி, அருப்புக்கோட்டை கரிசலில் அது சரி. கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கி, ஆள் கால் நுழையும் அளவுக்குப் பிளக்கும். அந்த அசைவு எட்டாத ஆழத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அதற்காகவே ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டுமான ஆராய்ச்சி நிறுவனம், அடியில் குமிழ்போல விரிந்த குறுந்தூண்களை உருவாக்கியது. தூணின் தண்டைவிட இரண்டரை மடங்கு அகலமான அந்தக் குமிழ், உப்பும் மண்ணின் இழுப்புக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். கோட்டுகால் மேட்டு மண்ணில் இருப்பது பெரும்பாலும் கயோலின் வகைக் களிமண். அது கரிசலைப் போல உப்பாது. கரிசலின் வைத்தியத்தை இங்கே செய்தால், கெட்டியான மேலோட்டைத் துளைத்துவிட்டு சேடி மண்ணில் கொண்டுபோய் வீட்டை உட்கார வைப்பதில் முடியலாம்.

கணக்குப் போட்டே பார்ப்போம். மாடி இல்லாத வீடு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், பத்தடி உயரம், மேலே கான்கிரீட் தளம். சுவரின் எடை, தளத்திலிருந்து அதன் பங்குக்கு வரும் எடை, கீழே தரைமட்டம் வரையிலான கல்கட்டு எல்லாம் சேர்த்தால் சுவரின் ஒரு மீட்டர் நீளத்துக்கு மூன்றரை முதல் நான்கு டன் வரும். இரண்டடி அகல அஸ்திவாரத்தில் இதைப் பரப்பினால் சதுர மீட்டருக்கு ஆறரை டன்னை ஒட்டித்தான் மண்ணுக்குச் சுமை. நன்றாக இறுகிய செம்மண், வெட்டுக்கல் நிலத்துக்குப் பொறியாளர்கள் சாதாரணமாகக் கணக்கில் எடுப்பது பத்து டன்னுக்கு மேல். ஆகவே இந்த வீட்டுக்கு இரண்டடி அகலத்தில் கருங்கல் கட்டு, அதன்மேல் வீடு முழுக்கச் சுற்றிவரும் கான்கிரீட் பெல்ட், இவ்வளவு போதும். இயற்கைத் தரைமட்டத்திலிருந்து குறைந்தது 50 சென்டிமீட்டர் கீழே போக வேண்டும் என்கிறது இந்தியத் தரவிதி ஐஎஸ் 1904. வேர் ஓடிய மேல்மண்ணைத் தாண்டிக் கெட்டி கிடைக்கும் வரை போனால் பெரும்பாலும் அந்த ஆழம் தானாகவே வந்துவிடும்.

பெல்ட்டில் மட்டும் சிக்கனம் கூடாது. ஐஎஸ் 1893-இன் 2016 பதிப்பு கேரளம் முழுவதையும் நிலநடுக்க மண்டலம் 3-இல் வைத்திருக்கிறது. கல்கட்டு அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. நிலம் ஓரிடத்தில் சற்று அமிழ்ந்தாலும், அதிர்ந்தாலும், சுவர்களை ஒன்றாகப் பிடித்து நிறுத்துவது இந்த பெல்ட்தான். வாசல் வருகிறது என்று நடுவில் வெட்டிவிடக் கூடாது. மூலைகளில் கம்பியை நேராக நிறுத்திவிடாமல் மடக்கி, அடுத்த சுவருக்குள் போதிய நீளம் ஓட்டிக் கட்ட வேண்டும். பெல்ட் போட்டும் மூலையில் பிளந்த வீடுகளில் பெரும்பாலும் தவறு இந்த மடக்கில்தான்.

மாடி கட்டும் எண்ணம் இருந்தால் கணக்கு மாறும். பெரிய ஹால், தூண்களில் நிற்கும் முன்முகப்பு என்றால் தனித்தனி பில்லரும் ஃபூட்டிங்கும் வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. மேட்டு நிலத்தில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு, ‘எல்லாரும் போடுகிறார்கள்’ என்பதற்காகப் பன்னிரண்டு பில்லர் நிறுத்துவதைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

கிணறு காட்டும் மண்

கேரளத்தில் பெரும்பாலான வீடுகளில் கிணறு உண்டு. எல்லைக்கு இப்புறம் விளவங்கோடு வட்டத்திலும் அப்படித்தான். மண் பரிசோதனைக்குப் பணம் கட்டுவதற்கு முன் செய்யக்கூடிய முதல் வேலை, அக்கம்பக்கத்துக் கிணறுகளை எட்டிப் பார்ப்பது. உறை இறக்காத கிணற்றின் சுவரில் செம்மண் எத்தனை அடி, வெட்டுக்கல் எத்தனை அடி, சேடி மண் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் அடுக்கடுக்காகத் தெரியும். துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு பார்த்தால் நீர்மட்டம் எதுவரை ஏறுகிறது என்பதும் தெரியும். கிணறு வெட்டிய ஆள் இன்னும் ஊரில் இருந்தால் அவரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். அந்தத் தெருவின் மண்ணை அவரைவிட நன்றாக அறிந்தவர் இருக்க மாட்டார்.

அடுத்தது சொந்த மனையில் குழி. ஒன்று போதாது. நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்தாறு அடிக்குத் தோண்டிப் பார்க்க வேண்டும். சரிவான விளையில் ஒரு மூலையில் இரண்டடியிலேயே கடப்பாரை தெறிக்கும். எதிர்மூலையில் ஐந்தடிக்கும் கொழகொழவென்று போகும். இந்த வித்தியாசம்தான் வீட்டைப் பிளக்கிறது. மொத்த வீடும் ஒரே அளவு அமிழ்ந்தால் பெரிய சேதமில்லை. ஒரு பக்கம் நின்று மறுபக்கம் இறங்கினால் எந்தக் கான்கிரீட்டும் தாங்காது.

ஏலாவிலோ, மண் நிரப்பிய மனையிலோ கட்டினாலும், மாடி வீடு என்றாலும் முறையான பரிசோதனை கட்டாயம். துளை போட்டு, 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி பிடிக்கிறது என்று எண்ணுவார்கள். இந்த எண்ணிக்கை ஒவ்வொரு ஆழத்திலும் மண்ணின் கெட்டித்தனத்தைக் காட்டும். இதற்குத் திருவனந்தபுரத்தில் 1939 முதல் இயங்கும் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. தனியார் சோதனைக்கூடங்களும் இருக்கின்றன. மண்ணைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பறோட்டுகோணத்தில் உள்ள கேரள மண் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். மாநிலத்தின் 82 மண் வகைகளை, நிலத்தை நெடுக்காக அறுத்து எடுத்ததுபோல நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நம்முடைய செம்மண்ணும் அங்கே வெள்ளாயணி என்ற பெயரில் நிற்கிறது. வீடு கட்டப் போகிற ஒவ்வொரு குடும்பமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெனக்கெட்டுப் போய்ப் பார்க்கத் தகுந்த இடம்.

சரிவில் வெட்டி நிரப்பிய மனைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஜேசிபி வந்த பிறகு இது சுலபமாகிவிட்டது. மேல்பக்கம் வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளி, ஒரு காலைப்பொழுதில் மட்டமான மனை தயார். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வீட்டின் ஒரு பாதி பல்லாயிரம் ஆண்டு இறுகிய மண்ணிலும் மறுபாதி நேற்று தள்ளிய மண்ணிலும் நிற்கும். விரிசல் சரியாக அந்தக் கோட்டில்தான் வரும். நிரப்பிய பக்கத்தில் வானம், நிரப்பிய மண் முழுவதையும் தாண்டிப் பழைய நிலத்துக்குள் போக வேண்டும். சரிவில் அடிமட்டத்தைப் படிப்படியாக இறக்க வேண்டுமே தவிரச் சாய்வாக ஓட்டக் கூடாது. வெட்டிய பக்கத்துத் திட்டை அப்படியே செங்குத்தாக விட்டுவிடுவதும் ஆபத்து. 2021 நவம்பர் மழையில் பாறசாலைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே ரயில் பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றதை இந்தப் பக்கத்தவர் மறந்திருக்க மாட்டார்கள். தாங்குசுவர் கட்டினால் அதில் நீர் வடியத் துளைகள் விட வேண்டும். சுவரைத் தள்ளுவது மண்ணைக் காட்டிலும் மண்ணுக்குள் தேங்கும் தண்ணீர்தான்.

எதிரி தண்ணீர்

இந்தப் பகுதிக்கு இரண்டு மழை. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, துலாவர்ஷமும் உண்டு. கோட்டுகாலின் மேட்டு மண்ணில் அஸ்திவாரம் கெட்டால் அதற்குக் காரணம் பாரம் என்பதைவிட நீர் என்பதே பெரும்பாலும் உண்மை. சேடி மண்ணைக் குழைப்பதும், நிரப்பிய மண்ணை அமிழ்த்துவதும், கல்கட்டின் இடுக்கிலிருந்து பொடிமண்ணை அரித்துப்போவதும் அதுதான்.

பத்மநாபபுரம் அரண்மனையின் கூரையைப் பார்த்தவர்களுக்கு, சுவரைத் தாண்டி வெகுதூரம் நீண்டு இறங்கும் தாழ்வாரம் நினைவிருக்கும். நம் பழைய ஓட்டு வீடுகளும் அதே முறைதான். கூரை நீர் சுவரில் படாமல், அஸ்திவாரத்தை விட்டுத் தள்ளி முற்றத்தில் விழும். இன்று நாம் கட்டும் தட்டையான கான்கிரீட் பெட்டிக்கு அந்தத் தாழ்வாரம் இல்லை. மொட்டை மாடியில் விழும் முழு மழையும் இரண்டு மூன்று பைப் வழியாகச் சுவரின் காலடியிலேயே கொட்டுகிறது. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே ஏறத்தாழ 930 லிட்டர். துலாவர்ஷத்தில் ஒரே மாலையில் ஐந்து சென்டிமீட்டர் பெய்தால், கிட்டத்தட்ட ஒரு தண்ணீர் லாரி அளவை நாமே நம் அஸ்திவாரத்தில் ஊற்றுகிறோம். மாடி நீரைக் குழாயில் வாங்கிக் கிணற்றுக்கு அருகே வடிகட்டி இறக்குவது, வீட்டைச் சுற்றி இரண்டு மூன்றடிக்கு வெளிப்புறம் சாய்ந்த சிமெண்ட் தளம் போடுவது, மேல்சரிவிலிருந்து வரும் நீரைத் திருப்ப ஒரு வாய்க்கால் வெட்டுவது என்ற இந்த மூன்றும் சேர்ந்தாலும், சில பில்லர்களுக்கு ஆகும் செலவைச் சுற்றித்தான் வரும். பலன் அதைவிடப் பன்மடங்கு.

கழிவறைத் தொட்டியின் உறிஞ்சுகுழியையும் அஸ்திவாரத்தை ஒட்டி வைக்காதீர்கள். கிணற்றிலிருந்து அது 7.5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று கேரளக் கட்டட விதி சொல்வதால், கிணற்றைக் காப்பாற்றுகிற அவசரத்தில் அதைச் சுவரோரம் நகர்த்திவிடுகிறார்கள். ஆண்டு முழுவதும் ஒரு மூலையை நனைத்துக்கொண்டே இருந்தால் அந்த மூலை இறங்கத்தான் செய்யும்.

எப்போது தோண்டுவது? தை, மாசி. மழைக்காலத்தில் மனையைப் பார்த்துவிட்டு, வெயில் காலத்தில் வானம் தோண்டி, இடவப்பாதிக்கு முன் பெல்ட் வரை வந்துவிடுவதே இந்த ஊருக்கு ஏற்ற காலக்கணக்கு. தோண்டிய வானத்தைப் பல நாள் திறந்து போடக் கூடாது. ஒரு கோடை மழை போதும், கெட்டியாக இருந்த அடி சேறாகிவிடும். நனைந்துவிட்டால் அந்தச் சேற்றை முழுவதும் வழித்தெடுத்த பிறகே அடிக் கான்கிரீட் போட வேண்டும். சேற்றின்மேல் ஜல்லி கொட்டி மூடுவது வீட்டுக்காரரின் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் பாவம். உள்ளே நிரப்பும் மண்ணையும் ஆறு அங்குலத்துக்கு ஒரு அடுக்காகத் தண்ணீர் தெளித்து இடித்து ஏற்ற வேண்டும். ஒரே மூச்சில் கொட்டி மூடினால், டைல்ஸ் ஒட்டிய ஓராண்டில் தரை இறங்கும்.

ஏலாவில் வீடு

கடினமான பகுதி இதுதான். நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் 2008 முதல் கேரளத்தில் இருக்கிறது. வேறு இடமில்லாத குடும்பம் சொந்த வீட்டுக்காகப் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை நிரப்ப, உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவின் பரிந்துரையோடு வழி உண்டு. ஏலாவை நிரப்பாமல் இருப்பதே ஊருக்கும் கிணறுகளுக்கும் நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் மேட்டில் ஒரு சென்ட் விலை எட்டாத ஏழை, ஏலாவில்தான் வந்து நிற்கிறார். அவருக்கு யாராவது சரியாகச் சொல்ல வேண்டும்.

ஏலாவின் மேல்மண்ணுக்குக் கீழே பல அடிக்குச் சேறும், மக்கிய இலைதழை கலந்த கருங்களிமண்ணும் இருக்கும். இதற்குமேல் ஐந்தடி உயரத்துக்குச் செம்மண் நிரப்பினால், அந்த மண்ணின் எடை மட்டுமே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2.7 டன். மாடியில்லாத ஒரு வீட்டின் மொத்த எடையை அதன் தரைப்பரப்பால் வகுத்தால் வருவது இரண்டு டன் அளவுதான். அதாவது, வீட்டைவிட நிரப்பிய மண்ணே கனம். வீடு கட்டாவிட்டாலும் அந்த நிலம் அமிழும். களிமண்ணிலிருந்து நீர் மெல்ல மெல்லப் பிழிந்து வெளியேறும் வரை, ஆண்டுக்கணக்கில் அமிழ்ந்துகொண்டே இருக்கும்.

ஆகையால் நிரப்பிய மறுமாதமே வானம் தோண்டுவது தற்கொலைக்குச் சமம். குறைந்தது இரண்டு மழைக்காலமாவது அந்த மண்ணைக் கிடக்க விட வேண்டும். நிரப்பும் மண்ணில் வாழைக்கட்டை, தென்னங்குற்றி, இடிந்த கட்டடக் குப்பை எதுவும் இருக்கக் கூடாது. மக்கிய இடம் பள்ளமாகும், கரையானும் அங்கிருந்துதான் ஏறும். பிறகு இரண்டு வழிகள் உண்டு. கெட்டி நிலம் எட்டும் ஆழத்தில் இருந்தால், துளையிட்டு இறக்கும் கான்கிரீட் தூண்கள். அவற்றின் தலைகளை உத்தரங்களால் இணைத்து அதன்மேல் வீடு. கெட்டி மிக ஆழத்தில் இருந்தால் வீட்டின் அடி முழுவதற்கும் ஒரே கான்கிரீட் பலகை, பொறியாளர்கள் ராஃப்ட் என்பது. படகு போல அது மொத்தமாக அமிழும், ஆனால் எளிதில் கோணாது. இரண்டு வழியிலும் சுவரைக் கனமில்லாத கற்களால் கட்ட வேண்டும். மாடி ஆசையை விட்டுவிட வேண்டும்.

தூண் இறக்கினால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுற்றியுள்ள நிரப்பு மண் அமிழும்போது தூணையும் கூடவே கீழே இழுக்கும். வடிவமைப்பவர் அந்த இழுப்பையும் சுமையாகச் சேர்த்தாரா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் ஏலா வீட்டை ஒப்படைக்காதீர்கள்.

ஏலாவில் போடவே கூடாதது, மேட்டு வீட்டின் இரண்டடிக் கருங்கல் அஸ்திவாரம். கல்லின் எடையே களிமண்ணை அமுக்கும். இங்கேதான் கம்பியும் கான்கிரீட்டும் உண்மையில் வேண்டும். மேட்டில் மிச்சம் பிடிக்கச் சொல்வதும் ஏலாவில் செலவழிக்கச் சொல்வதும் ஒரே காரணத்துக்காகத்தான்.

மணலும் உப்பும்

அடிமலத்துறை, பூவாறு, பொழியூர் பக்கம் கதை வேறு. மணல் பலவீனமானது என்று நினைப்பது தவறு. பக்கவாட்டில் சிதறாமல் கட்டுண்டு இருக்கும் மணல், பாரத்தை நன்றாகவே தாங்கும். களிமண்ணைப் போல ஆண்டுக்கணக்கில் அமிழாது. ஆபத்து, அந்த மணல் நாளை அங்கே இருக்குமா என்பதில்தான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் இந்தக் கரையை எப்படிச் சிதைத்தது என்பதற்குச் சாட்சி வேண்டியதில்லை. கடலரிப்பு உள்ள இடத்தில் எந்த அஸ்திவாரமும் தீர்வல்ல. அலைக்கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கும் குடும்பங்கள் இடம்மாற 10 லட்சம் ரூபாய் தரும் கேரள அரசின் புனர்கேகம் திட்டம், இதை ஒப்புக்கொண்டதன் விளைவு. கடலை நம்பி வாழ்கிறவரைக் கடலிலிருந்து தள்ளிக் குடியேறச் சொல்வது எளிதல்ல என்பதும் உண்மை.

சற்று உள்ளே கட்டுகிறவர்களுக்கு எதிரி உப்பு. உப்புக் காற்றும் உப்பு நீரும் கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும்; உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். ஆழிமலையில் பாறைமேல் 58 அடிக்கு எழுந்து நிற்கும் கான்கிரீட் சிவனைப் பார்க்கப் போகிறவர்கள், அங்கே வீசும் காற்றை நாக்கில் உணர்ந்திருப்பார்கள். அதே காற்றுதான் வீட்டுக் கம்பியையும் தொடுகிறது.

ஐஎஸ் 456 இதற்குத் தெளிவான விதி வைத்திருக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட் எங்குமே எம்20 தரத்துக்குக் கீழே கூடாது. கடலோரச் சூழலில் எம்30. கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமெண்ட். சிமெண்டின் எடையில் 0.45 பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது. ஃபூட்டிங்கில் கம்பிக்குச் சுற்றிலும் 50 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடி இருக்க வேண்டும். வேலையிடத்து மொழியில் சொன்னால், ஒரு மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டர் தண்ணீர். கையில் கலக்கும்போது அது வறட்சியாகத் தெரியும். குழம்பாக ஓடினால்தான் கையாளுக்கு வேலை சுலபம். அதனால் இன்னொரு வாளி போகும். அந்த ஒரு வாளியில்தான் கான்கிரீட்டின் பலமும் ஆயுளும் கரைகின்றன. ஈரமான எம்-சாண்டில் இருக்கும் நீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நூறு கிலோ மணலில் ஐந்து சதவீதம் ஈரம் இருந்தால் ஐந்து லிட்டர் ஏற்கெனவே கலவைக்குள் போய்விட்டது.

கலக்கும் நீரிலும் ஒரு சங்கதி உண்டு. வெட்டுக்கல் நிலத்துக் கிணறுகளின் நீர் பல இடங்களில் அமிலத்தன்மை கொண்டது. கான்கிரீட்டுக்கான நீரின் பிஎச் 6-க்குக் குறையக் கூடாது. கம்பி போட்ட கான்கிரீட்டில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடலோரக் கிணறு இரண்டாவது சோதனையிலும், மேட்டுக் கிணறு முதல் சோதனையிலும் தோற்க வாய்ப்பு உண்டு. நீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய்ச் சோதிக்கும் செலவு மிகச் சிறியது. கடல் மணலை எக்காரணம் கொண்டும் கலவையில் சேர்க்காதீர்கள்.

ஃபூட்டிங் போட்ட மறுநாளே மண் மூடுவதும் இங்கே சாதாரணம். சாதா சிமெண்டுக்குக் குறைந்தது ஏழு நாள், இன்று கடையில் அதிகம் கிடைக்கும் கலப்புச் சிமெண்டுக்குப் பத்து நாளாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும்.

பேக்கரிடம் கற்றது

திருவனந்தபுரத்தைத் தன் ஊராக்கிக்கொண்டு 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கரைச் செங்கல் ஜன்னல்களுக்காகவே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அஸ்திவாரத்தைப் பற்றியும் அவர் மிக எளிமையாக எழுதி, படம் வரைந்து காட்டியிருக்கிறார். வானம் தோண்டும் மண்ணை வெளிப்பக்கம் எறியாதீர்கள், உள்பக்கம் எறியுங்கள். எப்படியும் உள்ளே நிரப்பத்தானே மண் வேண்டும்? இதில் ஒரு கூலி மிச்சம். இன்னொன்று: அகலமான கல்கட்டின் நடுவில் சுவரை ஏற்றினால் வெளிப்புறம் ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும், சுவரில் வழியும் மழைநீர் அந்த விளிம்பில் தேங்கி மூட்டுக்குள் இறங்கும். சுவரின் வெளிமுகத்தையும் கல்கட்டின் வெளிமுகத்தையும் ஒரே கோட்டில் வைத்தால் நீர் நேராகக் கீழே போய்விடும். காசு செலவில்லாத மாற்றம். 1985-இல் பேக்கரும் முன்னாள் முதல்வர் அச்சுதமேனனும் பொருளாதார அறிஞர் கே.என். ராஜும் சேர்ந்து தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு நிறுவனம் இன்றும் இந்த வழியில் வீடுகள் கட்டிக்கொண்டிருக்கிறது.

கல்லைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதற்கு இன்று இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. பக்கத்தில் விழிஞ்ஞம் துறைமுகத்தின் வேலை 2015 டிசம்பரில் தொடங்கியது. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீள அலைத்தடுப்புச் சுவருக்கே மலைமலையாகக் கல் போயிற்று. அந்தக் கல்லுக்காகக் குமரி, நெல்லை மாவட்டக் குன்றுகள்வரை தேடினார்கள். எல்லைக்கு இருபுறமும் கருங்கல் இனி மலிவுப் பொருள் அல்ல. தேவையில்லாத ஆழத்தில் நாம் புதைக்கும் ஒவ்வொரு லோடும் எங்கோ ஒரு குன்றின் துண்டு.

அரசுகள் செய்ய வேண்டியது

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மண் பிரியவில்லை. இன்று அந்தப் பக்கம் லைஃப் வீட்டுத் திட்டத்தில் பொதுவாக 4 லட்சம் ரூபாய் தருகிறார்கள். இந்தப் பக்கம் 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம். இரண்டும் நல்ல திட்டங்கள். ஆனால் செம்மண் மேட்டில் கட்டுகிறவருக்கும் சேற்று ஏலாவில் கட்டுகிறவருக்கும் அதே தொகை என்பது நியாயமில்லை. ஏலாவில் இருப்பவரின் பணம் தரைக்குக் கீழேயே தீர்ந்துவிடும். பிறகு சுவர் பாதியில் நிற்கும். அல்லது அஸ்திவாரத்தில் குறைத்து, சுவரை முடித்துக் கணக்குக் காட்ட வேண்டி வரும்.

கோட்டுகால் போன்ற ஒரு பஞ்சாயத்து இதைத் தொடங்கி வைக்கலாம். ஒவ்வொரு வார்டிலும் கிணறுகளில் தெரியும் மண் அடுக்குகளையும் நீர்மட்டத்தையும் பதிவு செய்து ஒரு வரைபடம் வைத்தால் போதும். உள்ளூர் பாலிடெக்னிக் மாணவர்களைக் கொண்டே ஒரு கோடை விடுமுறையில் முடிக்கக்கூடிய வேலை. அந்த வரைபடத்தில் மென்மண் என்று வரும் மனைகளுக்கு அஸ்திவாரத்துக்கென்று கூடுதல் தொகையும், இலவச மண் பரிசோதனையும் இரு மாநில அரசுகளும் அறிவிக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காண்ட்ராக்டரோடு ஒப்பந்தம் எழுதும்போது அஸ்திவாரத்தை மட்டும் தனியாகப் பிரித்து எழுதுங்கள். நான்கு மூலையிலும் குழி திறந்து, ஒரு பொறியாளர் இறங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அதன் அளவும் தொகையும் முடிவாகும் என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரிக்குச் சம்மதிக்காத காண்ட்ராக்டரிடம் வீட்டைக் கொடுக்காதீர்கள்.